இடப்பக்கமாக ஒரு சுற்று

விருந்தாளிகள் வருவதற்குள் நான்கு திசைகளையும் ஒளித்து வைத்தாக வேண்டும். ரொவீனா காலையிலிருந்து அந்த வேலையில்தான் இருந்தாள். சமையலறையின் கிழக்குச் சன்னலில் தொங்கிய காக்கை இறகும் சாம்பிராணிக் கிண்ணமும் மாடி அலமாரியில் கம்பளிகளுக்கு அடியில் போயின. தெற்குச் சுவரோரம் நின்ற சிவப்பு மெழுகுவத்தி குளியலறைக்குப் போயிற்று. மின்சாரம் நின்றால் வேண்டுமே என்று வைத்திருப்பதாக யாரும் நினைத்துக்கொள்வார்கள். மேற்கே இருந்த வெள்ளிக் கோப்பையில் தோட்டத்து மஞ்சள் பூக்களைச் செருகியதும் அது பூச்சாடியாகிவிட்டது. வடக்குதான் படுத்தியது. ஐந்து முனை நட்சத்திரம் செதுக்கிய கல் தட்டு அது. கனமென்றால் அப்படியொரு கனம். தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது, தோட்டத்தில் போட மனம் வராது. கடைசியில் அதை மேசைமேலேயே வைத்து, அன்று சுட்ட பெரிய ரொட்டியை அதன்மேல் வைத்து மறைத்தாள். அடுத்தவர் வீட்டு ரொட்டியைத் தூக்கிப் பார்க்கிற விருந்தாளி யார்க்ஷயரில் கிடையாது என்பது அவள் கணக்கு.

கறுப்புப் பிடி போட்ட சடங்குக் கத்தியை டெஸ்மண்ட் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டானாம். யாராவது பார்த்தால் என்ன சொல்வாய் என்று கேட்டதற்கு, சில்லறை தராத பயணிகளுக்காக என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். ரொவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவளுக்கு எதற்குமே சிரிப்பு வருவதாக இல்லை.

ஒளிக்க வேண்டிய காலம்தான் அது. பத்திரிகையைத் திறந்தால் சூனியக்காரர்கள், பலி, குழந்தைகள் என்று ஒரே கூச்சல். எந்தெந்த ஊர்களிலோ விடிகாலையில் கதவைத் தட்டி, தூங்குகிற பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தினமும் செய்தி. ரொவீனாவும் டெஸ்மண்டும் விக்கா வழியில் இருப்பவர்கள். அதில் பலியும் கிடையாது, பிசாசும் கிடையாது. நிலாவையும் பயிரையும் வணங்கிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு துண்டு கேக் தின்று வீட்டுக்குப் போகிற கூட்டம். ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? விளக்க வாயைத் திறந்தால் கெர்ரி கைக்கு வரமாட்டாள்.

கெர்ரி நாலு வயதுக் குழந்தை. பெற்றவர்கள் இருந்தும் இல்லாத பிள்ளை. ஒரு வீட்டில் தத்துக்குப் போய், அவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்ப, இப்போது நகரசபையின் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். பூங்காவில் வைத்துச் சிலமுறை பார்த்தாகிவிட்டது. வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருநாள், கேட்காமலே, தன் ஈரக் கையை ரொவீனாவின் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்; ரொவீனா கவிழ்ந்துவிட்டாள். இன்றைக்கு முதல்முதலாக வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறாள், உடன் சமூகநலத் துறையின் கிராப்ட்ரீ அம்மாள் வருகிறார். அந்த அம்மாள் சரி என்றால் கெர்ரி இந்த வீட்டுப் பிள்ளை. இல்லையென்றால் பூங்காவும் கிடையாது.

நாளும் பார்த்து வந்து வாய்த்தது. மே மாதம் பிறப்பதற்கு முந்தைய நாள்; அவர்களுக்கு வருடத்திலேயே பெரிய நாள், பெல்டேன். விதைக்கும் வயிற்றுக்கும் உரிய நாள். அன்று சாயங்காலம் மலைமேட்டில் தீ மூட்டுவார்கள். க்வெண்டா, அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, பிழைப்புக்கு முடிதிருத்தும் கடை நடத்துகிறவள், முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: என்ன ஆனாலும் வடக்குக்கு நீ வந்து நின்றாக வேண்டும் என்று.

வடக்கு என்றால் நிலம். கிழக்கே காற்று, தெற்கே தீ, மேற்கே நீர், வடக்கே நிலம். ஒவ்வொன்றையும் கூப்பிட ஒவ்வொருவர். ரொவீனாவுக்கு ஆரம்பத்திலிருந்தே வடக்கு. ஒரு குழந்தை உருவாவதற்கும் இந்த நான்கும் வேண்டும் என்பார்கள். காற்று மூச்சைக் கொடுக்கும், தீ சூட்டைக் கொடுக்கும், நீர் பனிக்குடத்தை நிரப்பும், நிலம் எலும்பைக் கட்டும். நிலத்தைக் கூப்பிடுகிறவளுக்கே வயிறு வாய்க்காமல் போனதுதான் கொடுமை. ஜோஸ்லின் என்று ஒருத்தி, மூன்று பிள்ளை பெற்ற பெருமைக்காரி, வடக்கில் பெற்றவள் நின்றால்தானே பொருத்தம் என்று ஒருமுறை பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள். க்வெண்டா அவளை அங்கேயே வாயடைக்க வைத்தாள். வளம் என்றால் வயிறு மட்டும்தானா, ரொட்டி உப்புவதில் இல்லையா, அவரை காய்ப்பதில் இல்லையா என்று கேட்டாள். நல்ல பதில்தான். ஆனால் அன்று வீடு திரும்பியதும் ரொவீனா, உப்பிக்கொண்டிருந்த மாவை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

அவள் செய்யாத சடங்கு இல்லை. டெஸ்மண்ட் கையைப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் மே தீயைத் தாண்டினாள். துடைப்பத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவரைப் பாத்தியைச் சுற்றிக் குதித்தாள். எவ்வளவு உயரம் குதிக்கிறோமோ அவ்வளவு உயரம் பயிர் வளரும். அவரை கூரை வரை ஏறியது. நாம் கேட்டது அவரைக்குக் கேட்டிருக்கிறது, கேட்க வேண்டிய ஆளுக்குக் கேட்கவில்லை என்றான் டெஸ்மண்ட். கரு தங்கியதும் உண்டு, கலைந்ததும் உண்டு. கடைசியாகத் தங்கியது ஐந்து மாதம் இருந்தது. பெண் குழந்தை.

அந்தக் குழந்தைக்காகத்தான் அந்தச் சமையலறையில் ஒரே ஒருமுறை இடப்பக்கமாகச் சுற்றினார்கள். மற்றபடி அங்கே எல்லாமே வலம்தான். கூட்டத்திலேயே பெரிய சமையலறை அவர்களுடையது என்பதால் குளிர்காலம் முழுக்க வட்டம் போடுவது அங்கேதான். நடுவில் மேசை, அதைச் சுற்றி சூரியன் போகிற திசையில் நடப்பார்கள். வலம் வந்தால் சேரும், நிறையும், வளரும். இடம் வந்தால் அவிழும், கரையும், போய்விடும். போக வேண்டியதை அனுப்ப மட்டும்தான் இடம். அந்தப் பெண் குழந்தையை அனுப்ப அன்று எல்லோரும் கைகோத்து இடப்பக்கமாக நடந்தார்கள். அது போய்விட்டது. அதற்குப் பிறகு ரொவீனா அந்த மேசையை இடப்பக்கமாக ஓரடி கூடச் சுற்றியதில்லை. உப்பு எடுக்க வேண்டுமானாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, சுற்றி வலமாகத்தான் போவாள். டெஸ்மண்டும் அப்படியே. பழகிப்போய், அப்படி நடக்கிறோம் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. ஒளித்த சாமான்களைக் காலையிலிருந்து எத்தனை முறை எண்ணிப் பார்த்தாளோ, தன் கால்களை மட்டும் அவள் எண்ணவில்லை.

கிராப்ட்ரீ அம்மாள் கனத்த காலணியும் ஆறாத இருமலுமாக வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். வாயில் இருமல் மிட்டாய் ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டிருந்தது. கெர்ரி ஒற்றைக் காது முயல் பொம்மையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தாள். அம்மாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையை ஒரு நோட்டம் விட்டார். பூச்சாடியை அழகாயிருக்கிறது என்றார். ரொட்டி வாசம் தெருமுனை வரை வருகிறது என்றார். ரொவீனா ரொட்டியைப் பார்க்காமல் தேநீர் போடத் திரும்பினாள்.

அடுப்பு வடக்கில். அம்மாள் வந்து உட்கார்ந்தது மேற்கு நாற்காலியில். அடுப்பைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இரண்டே எட்டில் அவர். ரொவீனா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கிழக்கே போய், தெற்கே திரும்பி, மேசையை முக்கால் வட்டம் சுற்றி வந்து அவர்முன் வைத்தாள். பிறகு அடுப்புக்குப் போய்ப் பால் எடுத்துக்கொண்டு மறுபடி முக்கால் வட்டம். சர்க்கரைக்கு இன்னொரு முக்கால் வட்டம். கிராப்ட்ரீ அம்மாள் கோப்பையைக் கையில் வைத்தபடி அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நடக்கறது ரொம்பப் பிடிக்குமோ?" என்றார்.

ரொவீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது. டெஸ்மண்ட் உதவிக்கு வந்தான். அவன் உதவிக்கு வந்தால் காரியம் இன்னும் கெடும் என்பது ஊரறிந்த விஷயம்.

"அவளுக்கு இடுப்புல பிடிப்பு மேடம். டாக்டர்தான் நிறைய நடக்கச் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே இஞ்சி கேக்கை எடுக்க எழுந்தவன், கேக் தட்டோடு கிழக்கு, தெற்கு என்று அதே முக்கால் வட்டம் போட்டான்.

"உங்களுக்கும் இடுப்பா?" என்றார் அம்மாள்.

ரொவீனா கேக்கைத் துண்டு போட்டாள். துண்டுகள் கோணல் மாணலாக விழுந்தன. அந்தக் கண்கள் இனி எதைத்தான் விடும், ரொட்டியையும் துளைத்துக்கொண்டு பார்த்துவிடும் என்று தோன்றியது. எழுந்து நடக்கவும் பயம், நடக்காமல் உட்கார்ந்திருக்கவும் பயம். குழந்தைக்குப் பால் வேண்டும், பால் அடுப்படியில் இருந்தது. எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்ததும் கால் தானாகக் கிழக்கே திரும்பியது.

கெர்ரிக்கு அது வேடிக்கையாகிவிட்டது. நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, முயலைத் தூக்கிக்கொண்டு ரொவீனாவின் பின்னாலேயே மேசையைச் சுற்ற ஆரம்பித்தாள். ரொவீனா திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள், நடந்தால் நடப்பாள். இரண்டாம் சுற்றில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பூங்காவில் ஒருநாளும் கேட்டிராத சத்தம், அடித்தொண்டையிலிருந்து, வாத்துக் குஞ்சு மாதிரி. டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. கிராப்ட்ரீ அம்மாளே லேசாகச் சிரித்தார். ரொவீனா ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தாள். வலமாக, நிறைகிற திசையில், தனக்குப் பின்னால் ஒரு பிள்ளை நடந்து வருகிறது. எத்தனை வருடமாகக் கேட்டது இது!

அப்போது கெர்ரிக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்தப் பிள்ளைக்கும் தோன்றுகிற யோசனைதான். பின்னால் துரத்துவதைவிட எதிரே போய் முகத்துக்கு முகம் மாட்டினால் இன்னும் வேடிக்கை. சட்டென்று திரும்பி, அவள் இடப்பக்கமாக ஓட ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கம் போகாதே!"

அது தன் குரல்தான் என்பது ரொவீனாவுக்குக் கத்திய பிறகுதான் தெரிந்தது. குழந்தையின் கையைப் பிடித்து இழுத்ததும் பிறகுதான் தெரிந்தது. முயல் தரையில் விழுந்தது.

கெர்ரி அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை. தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடி விழுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு யாரோ நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். காலுறை வழியாக ஈரம் இறங்கித் தரையில் பரவியது.

டெஸ்மண்ட் பதறிப்போய் எழுந்தான். "அங்க... அங்க ஒரு பலகை ஆடுது மேடம். அதான் கத்திட்டா. காலு மாட்டிக்கும்."

கிராப்ட்ரீ அம்மாள் கோப்பையை வைத்தார். எழுந்தார். குழந்தை ஓடவிருந்த இடத்துக்கு நடந்துபோய், கனத்த காலணியால் ஒரு பலகையை மிதித்தார். அடுத்ததை மிதித்தார். அதற்கடுத்ததையும் மிதித்தார். எல்லாம் கல் மாதிரி நின்றன. அவர் டெஸ்மண்டைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, ரொவீனாவைத்தான் பார்த்தார்.

முடிந்தது என்று ரொவீனா நினைத்தாள். இனி என்ன சொன்னாலும் முடிந்ததுதான். நிலத்துக்கு உரியது மௌனம்; கூப்பிட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வடக்கில் நிற்கிறவளின் வேலை. அதை இத்தனை வருடம் குறைவில்லாமல் செய்திருக்கிறாள். இப்போதும் செய்யலாம். ஏதாவது ஒரு பொய்யை டெஸ்மண்டே தொடர்ந்து சொல்லட்டும். ஆனால் குழந்தை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கையில் தன் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ரொவீனாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தன் நெறிமேலும், மேசைமேலும், அந்த நாலு திசைமேலும் வந்தது.

அவள் அப்படியே அந்த ஈரத்தில் மண்டி போட்டாள். முயலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

"கெர்ரி, நீ ஒண்ணும் தப்பு பண்ணல கண்ணு. நான்தான் தப்பு பண்ணினேன். எனக்கு பயம் வந்துடுச்சு, அதான் கத்திட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் திறந்தது. "பெரியவங்களுக்கு பயம் வராது" என்றாள் கெர்ரி.

"வரும். எனக்கு வரும். முன்னாடி எங்க வீட்ல ஒரு குட்டிப் பாப்பா இருந்துச்சு. அது அந்தப் பக்கமா போயிடுச்சு, அப்புறம் திரும்பியே வரல. அதனால யாரு அந்தப் பக்கம் போனாலும் எனக்கு வயித்தக் கலக்கும்."

குழந்தை மேசையைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ரொவீனா இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்பதுபோல அவள் முகம் ஆயிற்று.

"மேசையைச் சுத்திதானே போறேன்" என்றாள். "எந்தப் பக்கம் போனாலும் இங்கதானே வருவேன்."

டெஸ்மண்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இது ஒரு பிள்ளைப் பேச்சு, இதனால் எதுவும் மாறிவிடாது என்று அவளுக்குத் தெரியும். இடம் வந்தால் அவிழும். அது அவளுக்குப் பேச்சல்ல, எலும்பில் ஏறிய விஷயம். அதுவும் இன்றைக்கு, பெல்டேன் அன்றைக்கு, இந்த அறையில் ஒரு சுற்று இடம் போனால் குளிர்காலம் முழுக்கச் சேர்த்ததெல்லாம் போகும். இந்தப் பிள்ளையும் போகும். அப்படித்தான் அவள் நம்பினாள். இப்போதும் அப்படித்தான் நம்பினாள்.

"காட்டறேன், வா" என்று கெர்ரி கையை நீட்டினாள்.

ரொவீனா எழுந்தாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பைத் தாண்டி, கிராப்ட்ரீ அம்மாளின் காலி நாற்காலியைத் தாண்டி, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று தலைகீழாக நடந்தார்கள். ஈரக் காலுறை பலகையில் சப் சப் என்று ஒட்டியது. எதுவும் இடியவில்லை. யாரும் மறையவில்லை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் அவள் அந்தக் கை தன் கைக்குள் இருக்கிறதா என்று இறுக்கிப் பார்த்துக்கொண்டாள். புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் குழந்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்" என்றாள் ரொவீனா.

பிறகு டெஸ்மண்ட் குழந்தையின் ஈரத்துணியை மாற்றி, தன் சட்டை ஒன்றை மாட்டிவிட்டான். அது அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. அவரைக்குப் பந்தல் போட்டிருப்பதைக் காட்டுகிறேன் என்று பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். கிராப்ட்ரீ அம்மாள்தான் அப்படிப் போகச் சொன்னார். ரொவீனாவோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்.

ரொவீனா தரையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அம்மாள் புதிதாக ஒரு இருமல் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போன மாசம் எங்களை எல்லாம் உக்கார வச்சு, சூனியக்காரங்களை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு வகுப்பு எடுத்தாங்க" என்றார். "லண்டன்லேருந்து ஒருத்தர் வந்தாரு. படமெல்லாம் போட்டுக் காமிச்சாரு. கறுப்பு மெழுகுவத்தி இருக்கான்னு பாருங்க, ஆட்டுத் தலை இருக்கான்னு பாருங்கன்னாரு. மேசையைச் சுத்தி நடப்பாங்கன்னு சொல்லவே இல்ல. நீங்க அவங்கதானா?"

சன்னல் வழியாக டெஸ்மண்டின் குரல் கேட்டது. அவரைக் கொடி எவ்வளவு உயரம் போகும் என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாளும் அதைத்தான் எதிர்பார்க்கிறாரோ என்னவோ. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி, பதிலுக்கு ஒரு கையைப் பெற்றிருந்தாள். அதன்மேல் உடனே ஒரு பொய்யைப் போட அவளுக்கு நா எழவில்லை.

"ஆமா மேடம். ஆனா நீங்க படத்துல பாத்தது நாங்க இல்ல" என்றாள். "நாங்க யாரையும் எதுவும் செய்யறதில்ல. மண்ணு, தண்ணி, காத்து, நெருப்பு, அதுகிட்ட எல்லாம் நல்லா இருக்கட்டும்னு கேப்போம். நான் பிள்ளை வேணும்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அம்மாள் கையை நீட்டினார். மேசைமேல் இருந்த ரொட்டியை, இரண்டு கையாலும், அப்படியே தூக்கினார்.

கல் தட்டும் நட்சத்திரமும் பட்டப்பகலில் பளிச்சென்று கிடந்தன. அம்மாள் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, அதை நிதானமாகப் பார்த்தார். பிறகு ரொட்டியைத் திரும்ப அதன்மேலேயே வைத்தார். ஒரு முனை வெளியே தெரிந்தது. ரொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி அதையும் மறைத்தார்.

"எத்தனையோ வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். "எல்லா வீட்லயும் எல்லாம் சுத்தமா இருக்கும். மேசைல பைபிள் இருக்கும். பிள்ளை தரைய நனைச்சதும் அந்தம்மா முகம் ஒரு மாதிரி சுளிக்கும் பாருங்க, அரை நிமிஷந்தான், அப்புறம் சிரிச்சுக்குவாங்க. நான் அந்த அரை நிமிஷத்தைத்தான் பாப்பேன். இவளைத் திருப்பி அனுப்பினாங்களே, அந்த வீட்லயும் பாத்தேன். பாத்தும் அன்னிக்கு வாயைத் தொறக்கல. நீங்க அதுல போயி மண்டி போட்டீங்க."

ரொவீனாவுக்கு அழுகை முட்டியது. அடக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள். அம்மாள் அவள் அழுது முடிக்கும்வரை தேநீரைக் குடித்தார். ஆறிப்போன தேநீர்.

"அடுத்த வாரம் எங்க மேலதிகாரி ஒரு தடவை வந்து பாப்பாரு. வழக்கம்தான், நான் சொல்றதைத்தான் அவரு எழுதுவாரு. குழந்தை ஏன் பயந்துச்சுன்னு கேப்பாரு, நான் சொல்லித்தானே ஆகணும். சமையலறைல பலகை ஒண்ணு ஆடுது, அதுல கால் வைக்கப் போனா, அம்மா கத்திட்டாங்கன்னு சொல்வேன்." எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அதுக்குள்ள அந்தப் பலகைய சரி பண்ணி வைங்க."

வாசலில் கெர்ரி காரில் ஏற மாட்டேன் என்று கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தாள். டெஸ்மண்டின் சட்டையைக் கழற்றவும் மறுத்துவிட்டாள். பிறகு கண்ணாடியை இறக்கி, அடுத்த முறையும் அந்தப் பக்கமாகச் சுற்றலாமா என்று கேட்டாள். சுற்றலாம் என்றாள் ரொவீனா. கார் தெருமுனை திரும்பும்வரை இருவரும் நின்றார்கள். வானம் தெளிந்திருந்தது, மலைமேட்டில் யாரோ இப்போதே விறகு அடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

உள்ளே வந்ததும் டெஸ்மண்ட் என்ன ஆயிற்று என்று கேட்டான். ரொவீனா சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, ஒரு குறையும் இல்லாத, கல் மாதிரி நின்ற அந்தப் பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, பழுது பார்த்த மாதிரி புது ஆணி அடிக்க உட்கார்ந்தான். பலகை லேசில் வரவில்லை. இந்த வீட்டில் தான் சொன்ன பொய்களிலேயே இதற்குத்தான் இவ்வளவு உழைப்பு என்று முனகினான்.

"ஆணி டப்பாவ எடு" என்றான். "அடுப்புக்கு மேல இருக்கு பாரு."

ரொவீனா டப்பாவை எடுத்தாள். அவன் மேற்குப் பக்கம், அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் இருந்தான். அவள் கால் பழக்கத்தில் கிழக்கே திரும்பியது. நின்றாள்.

டெஸ்மண்ட் நிமிர்ந்து பார்த்தான். "இனிமே எந்தப் பக்கமா வரணும் நாம?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

"கிட்ட இருக்கற பக்கமா" என்றாள் ரொவீனா. இரண்டு எட்டு வைத்து வந்து ஆணியைக் கொடுத்தாள்.